இருபத்து மூன்று விதைப் பொட்டலங்கள்

வெயில் பட்டு அப்படித் தெரிகிறது என்றுதான் லட்சுமிகாந்தம் முதலில் நினைத்தார். குனிந்து உடம்பால் நிழல் கட்டிப் பார்த்தார். நிழலிலும் இலை அப்படியேதான் இருந்தது. கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருந்தது. நுனிக் கொழுந்து விரியாமல் கயிறு மாதிரி ஒடுங்கிச் சுருண்டிருந்தது. பக்கத்துச் செடியிலும் அதே திட்டு. அடுத்ததில் இல்லை. அதற்கு அடுத்ததில் இருந்தது. நாற்பது தக்காளிச் செடியையும் பார்த்து முடித்தபோது பதினொன்றில் தெரிந்தது.

தீபாவளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஆமத்தூரில் அவருடைய கிணற்றடித் தோட்டத்தில் காலை ஏழு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. அவர் போனை எடுத்து நான்கைந்து இலைகளைப் படம் பிடித்து சுகிர்தாவுக்கு அனுப்பினார். சுகிர்தா கோவில்பட்டிப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பயிர் நோய் பார்க்கிற பெண். இரண்டு வருடத்துக்கு முன்னால் விருதுநகரில் நடந்த விதைத் திருவிழாவில் அவரிடம் துலா என்கிற ரஷ்யத் தக்காளியின் விதை வாங்கியவள்.

பத்து நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, செடியத் தொட்டீகளா?"

"தொடாம எப்படிம்மா பாக்கிறது?"

"போய் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிட்டு வாங்க. நான் லைன்ல இருக்கேன்."

கழுவிவிட்டு வந்து போனைக் காதில் வைத்தார்.

"மொசைக் வைரஸ் மாதிரி இருக்கு. படத்த மட்டும் வச்சு உறுதியாச் சொல்ல மாட்டேன். இலைய அனுப்புங்க, டெஸ்ட் பண்ண நாலு நாள் ஆகும். இத வெள்ளை ஈ பரப்புறது இல்ல. மனுசன் கைதான் பரப்பும். கத்தி, கயிறு, சேலை, எது உரசுனாலும் அடுத்த செடிக்குப் போயிரும். விதை மேல ஒட்டிக்கிட்டும் போகும்."

"விதை மேலயா?"

"ஆமா. போன தடவ விதை எடுத்த செடியில இந்த மாதிரி ஏதாச்சும் பாத்தீகளா?"

"ஞாபகம் இல்லம்மா" என்றார்.

"புகையிலை போடுவீகளா?"

வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் அவருக்கு டிரைவர் வேலையில் வந்தது, கண் அசராமல் இருக்க. "போடுவேன்" என்றார்.

"அதுல இருந்துகூட கை வழியா வந்திருக்கலாம். இப்ப அத ஆராய வேண்டாம். யார் யாருக்கு விதை குடுத்தீகளோ அவுககிட்டச் சொல்லிருங்க. நட்டிருந்தா யாரும் தொட வேண்டாம்."

போனை வைத்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். ஞாபகம் இல்லை என்று சொன்னது பொய். நன்றாக ஞாபகம் இருந்தது. ஜனவரியில், மூன்றாவது வரிசையின் கடைசிச் செடி. இலை ஒல்லியாக, திட்டுத் திட்டாக இருந்தது. பனி அடித்திருக்கும் என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அந்தச் செடியில்தான் தோட்டத்திலேயே பெரிய பழங்கள் காய்த்தன. ஒவ்வொன்றும் கைக்கு அடங்காது. அந்தப் பழத்திலிருந்துதான் முதலில் விதை எடுத்தார்.

ஒன்பது வருடம் கூடங்குளத்தில் ரஷ்ய இன்ஜினியர்களுக்குக் கார் ஓட்டியவர் லட்சுமிகாந்தம். அவர் வண்டி ஓட்டிய ஓர் இன்ஜினியரின் மனைவி கலீனா. துலா என்ற ஊர்க்காரி. குடியிருப்பில் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொஞ்சம் மண்ணில், தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த தக்காளியைப் போட்டிருந்தாள். வெளியே கறுத்த சிவப்பு, காம்பைச் சுற்றிப் பச்சை. அறுத்தால் உள்ளே காய்ந்த ரத்தத்தின் நிறம். இவர் முதல்முறை உப்பு வைத்துச் சாப்பிட்டபோது, இத்தனை நாள் கடையில் வாங்கியதற்கெல்லாம் தக்காளி என்று யார் பேர் வைத்தார்கள் என்று தோன்றியது. ஊருக்குத் திரும்புகிற அன்று திருவனந்தபுரம் விமான நிலையத்தில் காரிலிருந்து இறங்கும்முன் அவள் ஒரு காகித மடிப்பை அவர் கையில் வைத்தாள். அரைகுறை ஆங்கிலத்தில், "நீ மட்டும் வைத்திருந்தால் செத்துவிடும். கொடு" என்றாள்.

அவர் கொடுத்தார். வேலையை விட்டுவிட்டு அப்பா வழி நிலத்துக்குத் திரும்பியதிலிருந்து ஆறு வருடமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் வருடம் பிஞ்சு எல்லாம் வெக்கையில் உதிர்ந்தது. மழைக்காலத்தை ஒட்டி நட்டு, நிழல் வலை கட்டி, தப்பிய செடியில் மட்டும் விதை எடுத்து, மூன்றாம் வருடத்தில்தான் அந்த ஊர்த் தக்காளி இந்த வெயிலுக்கு மசிந்தது. அவர் மனைவி செல்லக்கனி சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கட்டிங் பிரிவில் இருந்தாள். பட்டாசு லேபிள் அடித்து மிஞ்சுகிற துண்டுக் காகிதத்தை எடுத்து வந்து சின்னச் சின்னக் கவராக ஒட்டுவாள். இந்த வருடம் இருபத்து மூன்று கவர் போனது.

இருபத்து மூன்றில் பெரிய கவர் செல்லக்கனியின் அண்ணன் பெத்தணனுக்கு. தாயில்பட்டிக்கு மேற்கே ஐந்து ஏக்கர் வைத்திருந்தார். அதில் மூன்று ஏக்கர் ஹைப்ரிட் தக்காளி, இப்போது பூவும் பிஞ்சுமாக நின்றது. ரஷ்யத் தக்காளியை நான்கு வருடம் கேலி பேசிவிட்டு, போன மாசி மாதம் ஒரு பழத்தைச் சாப்பிட்டுப் பார்த்து, "ஒரு இருநூறு நாத்துக்கு விதை குடுங்க மாப்ளே" என்று அவராகவே கேட்டார்.

அந்த இருநூறு நாற்றுக்கு இன்றைக்கு நடவு.

செல்லக்கனி டிபன் பாக்ஸை மூடிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவர் விஷயத்தைச் சொன்னார்.

"டெஸ்ட் வரட்டும்" என்றாள் அவள். "இன்னைக்கு நீங்க பாட்டுக்கு ஊரெல்லாம் சொல்லிட்டு, நாலு நாள் கழிச்சு ஒண்ணுமில்லைன்னு வந்தா? பிடுங்கிப் போட்டவுக சும்மா இருப்பாகளா? எங்கண்ணன் என்ன நினைப்பாரு?"

"இன்னைக்கு உங்கண்ணன் நடுதாரு. பக்கத்துலயே மூணு ஏக்கர் நிக்கிது."

"நிக்கட்டும். இருக்கா இல்லையான்னே தெரியாம..."

"செல்லம், எனக்குத் தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஜனவரிச் செடியைப் பற்றிச் சொன்னார். சுகிர்தாவிடம் மறைத்ததையும் சொன்னார்.

"அப்பவே ஏன் அதுல விதை எடுத்தீக?"

"பழம் பெருசா இருந்துச்சு."

அவள் டிபன் பாக்ஸைப் பையிலிருந்து எடுத்து மேடையில் வைத்தாள். சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, இன்றைக்கு வர முடியாது என்றாள். தீபாவளி நேரத்தில் அச்சகத்தில் லீவு கேட்பது லேசுப்பட்டதில்லை. அந்தப் பக்கம் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்டது. அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "நாளைக்கு வந்து பேசுதேன் சார்" என்று வைத்தாள்.

"சுகிர்தாகிட்ட இப்பவே உண்மையச் சொல்லுங்க. அப்புறம் வண்டிய எடுங்க. அண்ணன்கிட்ட நான் இல்லாம நீங்க பேசக்கூடாது."

சுகிர்தாவிடம் சொன்னார். அவள் திட்டவில்லை. "சரி அண்ணாச்சி, இப்பவாச்சும் சொன்னீகளே. வேகமாப் போங்க" என்றாள். விதை வாங்கியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டார். "லட்சுமிகாந்தம் பேசுதேன். இந்த வருசம் நான் குடுத்த துலா விதையில நோய் இருக்குன்னு சந்தேகம். நாத்தா வச்சிருக்கவுக நடாதீக. நட்டவுக தொடாதீக. வேற தக்காளி, மிளகாய் பக்கம் அதே கையோட போகாதீக. விவரம் சொல்றேன்." பெத்தணனுக்கு நான்கு முறை போன் அடித்தார். எடுக்கவில்லை. வயலில் இறங்கினால் அவர் போனை மோட்டார் அறையில் வைத்துவிடுவார்.

சிவகாசிக்குள் வண்டி நகரவில்லை. சீசன் உச்சத்தில் இருந்தது. ஒவ்வொரு டிரான்ஸ்போர்ட் வாசலிலும் லோடு லாரிகள் சாலையில் பாதியை அடைத்து நின்றன. வெளியூர் கார்கள் பட்டாசுக் கடைகளைப் பார்த்து ஊர்ந்தன. பின்னால் உட்கார்ந்திருந்த செல்லக்கனி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அண்ணனுக்கு அடித்துக்கொண்டே வந்தாள். லட்சுமிகாந்தம் சந்து சந்தாகப் புகுந்து ஊரைத் தாண்டும்போது மணி ஒன்பதே முக்கால்.

வயலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பாதி நாற்று மண்ணில் இருந்தது. ஐந்து பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். பெத்தணன் வரப்பில் நின்று வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்ன தாயி, வேலைக்குப் போகல? வீட்ல யாருக்கும் என்னமும்..."

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்ண்ணே."

லட்சுமிகாந்தம் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், ஹைப்ரிட் வயலுக்குள் நான்கு பெண்கள் நடமாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் சணல். சாய்ந்த செடிகளைக் குச்சியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

"மச்சான், அந்த நாலு பேரும் காலையில எங்கன வேலை பாத்தாக?"

"இங்கனதான். நாத்துப் பிடுங்கிக் குடுத்துட்டு இப்பத்தான் கட்டுறதுக்குப் போனாக. ஏன்?"

அவர் வரப்பைத் தாண்டி ஓடினார். ஐம்பத்து மூன்று வயதில் அப்படி ஓடி ரொம்ப நாளாகியிருந்தது. "அக்கா, கைய எடுங்க. செடியத் தொடாதீக. அப்படியே வரிசை வழியா வெளிய வாங்க, இலையில உரசாம வாங்க." பெண்கள் பாம்பு என்று நினைத்துத் தரையைப் பார்த்தார்கள். "எத்தனை வரிசை கட்டுனீக?" என்று கேட்டார். ஒருத்தி திரும்பி விரலை நீட்டி எண்ணினாள். பன்னிரண்டு.

பெத்தணன் மண்வெட்டியோடு வந்து நின்றார். "என்ன மாப்ளே இது?"

லட்சுமிகாந்தம் சொன்னார். நோயைச் சொன்னார், விதையைச் சொன்னார், கை வழியாகப் பரவுவதைச் சொன்னார். சொல்லச் சொல்ல பெத்தணன் ஹைப்ரிட் வயலைத் திரும்பிப் பார்த்தார்.

"சந்தேகம்தான?" என்றார். "டெஸ்ட் வரலைல்ல?"

"வரல."

"அப்ப எதுக்கு இந்த ஓட்டம்? வெயில்ல கொழுந்து வாடுனாக்கூட உங்களுக்கு நோய்தான். படிச்ச பிள்ளைக போட்டோவப் பாத்துட்டு ஆயிரம் சொல்லும். இருநூறு நாத்த நான் முப்பது நாள் வளத்திருக்கேன். நடவு நிக்காது. ஏத்தா, நீங்க நடுங்க."

பெண்கள் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். செல்லக்கனி கணவரைப் பார்த்தாள். அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"மச்சான், போன ஜனவரியிலேயே நான் பாத்தேன்" என்றார் லட்சுமிகாந்தம். "ஒரு செடி இதே மாதிரிதான் இருந்துச்சு. பனின்னு நினைச்சு... நினைக்கல. பனின்னு வச்சுக்கிட்டேன். பழம் பெருசா இருந்ததால அதுலதான் விதை எடுத்தேன். உங்க கவர்ல இருந்ததுல பாதிக்கு மேல அந்தச் செடி விதை."

பெத்தணன் மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார்.

"தெரிஞ்சே குடுத்தீரு." 'நீங்க' போய் 'நீரு' வந்துவிட்டது.

"நோய்னு தெரியாது. ஆனா சரியில்லைன்னு தெரியும்."

"எங்கிட்டக் குடுக்கிறப்ப என்ன சொன்னீரு? 'நல்ல விதை மச்சான், பெரிய பழத்துல பொறுக்குனது'ன்னு சொன்னீரா இல்லையா?"

"சொன்னேன்."

"தங்கச்சி புருசன்கிறதால நிக்கிறேன். வேற ஒருத்தன்னா இந்த வரப்ப விட்டு நடந்து போயிருக்க மாட்டான்."

"அண்ணே, திட்டுறத அப்புறம் திட்டுங்க" என்றாள் செல்லக்கனி. "இப்ப என்ன செய்யணும்னு கேளுங்க. இந்தாங்க, அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே பேசுங்க." சுகிர்தாவுக்கு அடித்துப் போனை அண்ணன் கையில் திணித்தாள்.

பெத்தணன் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். "டெஸ்ட் வர்றதுக்கு முன்னாடியே பிடுங்கணுமா?" அந்தப் பக்கம் அவள் சொன்னது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "அய்யா, நான் உங்களக் கட்டாயப்படுத்த முடியாது. என் வயலா இருந்தா இப்பவே பிடுங்குவேன். இருநூறு போனா இருநூறு. விட்டா மூணு ஏக்கர்."

பெத்தணன் போனைத் திருப்பிக் கொடுத்தார். "அவரே பிடுங்கட்டும்" என்றார் தங்கையிடம். "வேற யாரும் கைய வைக்காதீக."

லட்சுமிகாந்தம் பிடுங்கினார். நட்டது நூற்றுப்பத்து, தட்டில் மிஞ்சியது தொண்ணூறு. ஒவ்வொன்றையும் வேர் மண்ணோடு எடுத்துச் சாக்கில் போட்டு, வயலுக்கு வெளியே குழி வெட்டி, பனை ஓலையைப் போட்டுக் கொளுத்தினார். இடுப்பில் இருந்த புகையிலைப் பொட்டலத்தையும் அதில் வீசினார். செல்லக்கனி கடைக்குப் போய்ப் பால் பவுடரும் சோப்பும் வாங்கி வந்தாள். பால் அந்த வைரஸை மட்டுப்படுத்தும் என்று சுகிர்தா சொல்லியிருந்தாள். ஒன்பது பெண்களும் சோப்புப் போட்டுக் கழுவி, வாளியில் கரைத்த பாலில் கையை முக்கி எடுத்தார்கள். கட்டிய பன்னிரண்டு வரிசைக்கும் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, உள்ளே யாரும் போகக்கூடாது என்று அடைத்தார்கள். பெத்தணன் கடைசி வரை அவரோடு பேசவில்லை. சாப்பிடுங்கள் என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் தாயில்பட்டியில் இன்னொரு வேலை இருந்தது. இருபத்து மூன்று கவரில் ஒன்றை வாங்கியிருந்த முத்துமாரி என்ற பெண் அங்கே பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவள். மாடியில் பெயின்ட் வாளிகளில் செடி வளர்த்தாள். ஆலைக்குள் போன் கொண்டுபோக முடியாது. காலையில் போட்ட குரல் பதிவை அவள் கேட்டிருக்க வழியில்லை. இருவரும் ஆலைக்குப் போகிற மண்பாதையின் முனையில், வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார்கள். ஐந்தரைக்கு ஆட்கள் வெளியே வந்தார்கள். முத்துமாரியின் கையும் கன்னமும் வெள்ளி மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தன, பட்டாசு மருந்துப் பொடி.

விஷயத்தைக் கேட்டதும் அவள் பாதையிலேயே நின்றுவிட்டாள். "நான் ஆறு பேருக்கு நாத்துக் குடுத்துட்டேனே அண்ணாச்சி. நீங்கதான விதை குடுத்த கூட்டத்துல சொன்னீக, ஒருத்தர்கிட்டயே இருந்தாச் செத்துரும், குடுங்கன்னு."

"சொன்னேம்மா."

"நல்லதையும் குடுக்கச் சொன்னீக, இதையும் சேத்துக் குடுக்க வச்சுட்டீக" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இருட்டுவதற்குள் ஆறு வீட்டுக்கும் போனார்கள். ஒரு வீட்டில் செடி பூத்திருந்தது. அந்த வீட்டுக்காரி, தானே பிடுங்குகிறேன் என்று உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு வந்து பிடுங்கினாள். முத்துமாரி தன் மாடியில் இருந்த பத்துச் செடியைக் காலையில் பிடுங்கிக் கொளுத்திவிடுவதாகச் சொன்னாள். "வேலை பாத்த கையோட நான் செடியத் தொடுறதில்ல. குளிக்கணும், பிள்ளைகளுக்குச் சோறு பொங்கணும். காலையில செஞ்சுட்டுப் போன் போடுறேன்." மறுநாள் ஆறரைக்குப் போன் வந்தது. "முடிஞ்சது அண்ணாச்சி" என்றாள்.

அவர் அனுப்பியிருந்த இலைக்குத் திங்கட்கிழமை டெஸ்ட் முடிவு வந்தது. வைரஸ் இருந்தது. லட்சுமிகாந்தம் குழுவில் ஜனவரிச் செடியைப் பற்றி எல்லாவற்றையும் எழுதினார். எழுதி முடித்து அனுப்புவதற்கு அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஐந்து பேர் குழுவை விட்டுப் போனார்கள். ஆலங்குளத்துக்காரர் ஒருவர் போன் போட்டுக் காது கூசப் பேசினார். இவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். இருபத்து மூன்று பேரில் ஒவ்வொருவராக, பிடுங்கியாயிற்று என்று உறுதி செய்துகொண்டு, கடைசியாகத் தன் நாற்பது செடியையும், பாட்டிலில் வைத்திருந்த விதையையும் எரித்தார். பழைய விதை, புது விதை எல்லாம் ஒரே பாட்டிலில் கலந்து கிடந்தது. பிரிக்க வழியில்லை. கலீனாவுக்கு எழுதலாம் என்று பழைய எண்ணுக்குச் செய்தி போட்டார். அது போய்ச் சேரவே இல்லை.

தீபாவளிக்கு அண்ணன் வீட்டிலிருந்து செல்லக்கனிக்குச் சேலையும் பலகாரமும் ஆள் மூலமாக வந்தன. அண்ணன் வரவில்லை. வருடா வருடம் அவர்தான் கொண்டுவருவார். செல்லக்கனி சேலையைப் பிரித்துப் பார்க்காமல் பீரோவில் வைத்தாள். கயிறு கட்டியதிலிருந்து பதினெட்டாம் நாள், அந்தப் பன்னிரண்டு வரிசையில் நான்கில் திட்டு தெரிந்தது. பெத்தணன் பன்னிரண்டையும் பிடுங்கிவிட்டார். இதைச் செல்லக்கனி அண்ணியிடமிருந்து தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் லட்சுமிகாந்தம் வேறு செய்தி வந்துவிடுமோ என்று போன் அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டார். வரவில்லை. மிச்ச வயல் தப்பித்துக் காய்த்தது.

பொங்கலுக்கு மறுவாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்துமாரி கூப்பிட்டாள். குரல் தணிந்திருந்தது.

"அண்ணாச்சி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அன்னைக்கு ஒம்பதுதான் பிடுங்குனேன். ஒண்ண விட்டுட்டேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

"அது மட்டும் தனியா தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. மத்ததோட ஒட்டவே இல்ல. தினமும் இலை இலையாப் பாத்தேன். ஒரு திட்டு இல்ல. இப்ப ஏழு பழம் நிக்கிது. பழுத்துருச்சு. மறைச்சு வச்சது உறுத்திக்கிட்டே இருக்கு. என்ன செய்யட்டும்?"

செல்லக்கனி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சுகிர்தாவுக்கு இலை அனுப்புங்க" என்றாள். "டெஸ்ட் வந்தப்புறம் அண்ணன்கிட்டச் சொல்லிக்கிடலாம். இப்பச் சொன்னா நேராப் போய்ப் பிடுங்கிருவாரு. அந்த ஒண்ணுதான் மிச்சம்."

அவள் சொன்னது சரிதான். தெரிந்த அளவில், இந்தப் பக்கத்தில் உயிரோடு இருந்த ஒரே துலாச் செடி அது. அந்த மாடியிலிருந்து பெத்தணன் வயல் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

"இல்ல செல்லம். இப்பவே சொல்றேன்" என்றார். மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் பெத்தணனுக்குப் போன் போட்டார். ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அந்தப் பக்கம், "நான் அங்கன போறேன்" என்பதோடு போன் வைக்கப்பட்டது.

இவர்கள் போய்ச் சேர்ந்தபோது பெத்தணன் முத்துமாரியின் மாடியில் இருந்தார். அவள் வாளிக்கு முன்னால் நின்றாள். வழியை மறித்து நின்றாளா, பயந்து நின்றாளா என்று சொல்ல முடியவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் ஆளுயரத்துக்குச் செடி, கறுஞ்சிவப்பாகப் பழங்கள்.

"எதுக்கு மறைச்ச?" என்றார் பெத்தணன்.

"நல்லா இருந்துச்சுங்கய்யா. நல்லா இருக்கிறதப் பிடுங்க மனசு வரல."

"நோய் உள்ள இருந்திருந்தா? லீவு நாள்ல என் வயலுக்குக் களை வெட்ட வாறவதான நீ?"

"அதுக்குத்தான் இந்த மூணு மாசமா வரல. கூப்பிட்டு விட்டீகள்ல, காய்ச்சல்னு சொன்னேன்."

பெத்தணன் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு செடியைச் சுற்றி வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கிளையாக, இலையின் மேலும் அடியும் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இப்போது அவர் கையை நீட்டி அடித்தண்டைப் பிடித்து இழுத்தால் தடுக்க லட்சுமிகாந்தத்துக்கு வாய் கிடையாது.

"டெஸ்ட் எத்தனை நாள்?"

"நாலு நாள்" என்றார் லட்சுமிகாந்தம்.

"கொசுவலை இருக்கா வீட்ல? போட்டு மூடு. நாலு நாளைக்கு இத யாரும் தொடக்கூடாது, நீயும் தொடக்கூடாது. இருக்குன்னு வந்தா நானே வந்து பிடுங்குவேன்."

இலையை லட்சுமிகாந்தம் காகிதத்தை வைத்துக் கிள்ளி, கவருக்குள் கவர் போட்டு, அன்றே கோவில்பட்டிக்கு வண்டியில் கொண்டுபோய்ச் சுகிர்தாவின் கையில் கொடுத்தார். வியாழக்கிழமை மதியம் அவள் கூப்பிட்டாள். "இல்ல அண்ணாச்சி. சுத்தமா இருக்கு. ஆனாலும் சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டாம்னு ரெண்டாவது தடவையும் பாத்துட்டேன். இல்ல." விதையை எப்படிப் புளிக்க வைத்து, எந்த மருந்துக் கரைசலில் எவ்வளவு நேரம் ஊறவைத்து எடுக்க வேண்டும் என்பதை அவள் முத்துமாரிக்கு நேரடியாகப் போனில் சொல்லிக் கொடுத்தாள்.

விதை காய்ந்து தயாராக மாசி பிறந்துவிட்டது. லட்சுமிகாந்தம் தாயில்பட்டிக்குப் போனார். மாடிப்படியில் ஏறும்போது, இந்த ஆறு வருடத்தில் யாரிடமும் விதை கேட்டுப் போனதில்லை என்பது அவருக்கு உறைத்தது. எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை.

"எனக்குக் கொஞ்சம் தருவியாம்மா?"

முத்துமாரி உள்ளே போய் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்தாள். தட்டில் கொட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினாள். பன்னிரண்டு விதை. காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்.

"இம்புட்டுத்தான் இப்பத் தர முடியும். மொளச்சதும் எங்கிட்டப் படம் அனுப்பணும். வாரம் ஒரு படம். இலை ஒண்ணு சுளிச்சாலும் சொல்லிறணும், பழம் எம்புட்டுப் பெருசா இருந்தாலும் சரி."

"சொல்றேன்."

கிளம்ப எழுந்தவர் தயங்கி நின்றார். "எங்க மச்சானுக்கும் ஒரு நாலு விதை கேக்கலாமான்னு நினைச்சேன். அவரு வாங்குவாரான்னு தெரியல."

முத்துமாரி டப்பாவை மூடினாள். "அவரு போன செவ்வாக்கிழமையே வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. அஞ்சு. வயலுக்கு இல்ல, வீட்டுக் கொல்லையில தனியாப் போடப் போறாராம். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாரு."

அவர் படியிறங்கித் தெருவுக்கு வந்தார். காகித மடிப்பைச் சட்டைப் பையில் வைத்து, பொத்தானைப் போட்டார். வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் அதன் மேல் உட்கார்ந்திருந்தார். பிறகு ஆமத்தூர் பாதையை விட்டுவிட்டு, மேற்கே, மச்சான் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.